பழையனூர் நீலி கதை: சொல், சாட்சி, மொழிபெயர்ப்பு

0. முன்னுரை

இறந்தவர் மீண்டு வந்து தம் காதலையோ பகையையோ முடித்துக்கொள்ளும் கதைகள் பல மொழிகளில் வழங்குகின்றன. ஆங்கில இலக்கிய வரலாறு இத்தகைய கதைகளைக் கோதிக் புதினம் என்னும் வகையில் அடக்கும். ஓரசு வால்போல் 1764ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட 'ஒட்ராண்டோ கோட்டை' இவ்வகையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. எமிலி பிராண்டியின் 'உதரிங் ஹைட்ஸ்' (1847), ஷெரிடன் லெ ஃபானுவின் 'கார்மில்லா' (1872), பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) ஆகியவை இவ்வகைக்கு உரியனவாகவோ இதனோடு நெருங்கிய உறவுடையனவாகவோ பேசப்படுகின்றன.

தமிழில் இவற்றோடு ஒப்பிடத்தக்க பழங்கதை பழையனூர் நீலி கதையாகும். இதனை வேற்று மொழியில் பெயர்ப்போரும் அறிமுகம் செய்வோரும் பேய் பழிவாங்கிய கதை என்றே சுருக்கிவிடுதல் எளிது. அச்சுருக்கம் கதையின் உயிர்நிலையைத் தவறவிடுகிறது என்பதே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்து. நீலி கதையில் கொலையைச் செய்வது பேயாயினும், அக்கொலைக்கு வழிதிறப்பது சொல். ஆதலின் இக்கதையைப் பெயர்ப்பதில் எழும் முதன்மையான சிக்கல் அச்சச்சுவை பற்றியதன்று, பயனிலை பற்றியது.

1. கதைக்களமும் எல்லையும்

பழையனூரும் திருவாலங்காடும் அடுத்தடுத்துள்ள ஊர்கள். முதலாம் இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் பழையனூர் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளிக்கப்பட்டதைப் பதிவு செய்கின்றன. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டபின் இப்பகுதி அதில் அடங்கியிருந்தது. ஆந்திர, சென்னை மாநிலங்களின் எல்லை மாற்றச் சட்டம் 1959இல் இயற்றப்பட்டு 1960 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதற்கு ஈடாகச் சத்தியவேட்டுப் பகுதி சித்தூர் மாவட்டத்துக்குச் சென்றது. சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டம் 2022இல் தனியே பிரிக்கப்பட்டது.

தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடவெல்லையாகக் கூறும் வேங்கடம் இந்நிலத்தின் வடபால் உள்ளது. தமிழும் தெலுங்கும் ஒரே சந்தையிலும் ஒரே வீட்டிலும் வழங்கும் இவ்விருமொழிச் சூழல் பின்னர் ஆராயப்படும் தொடரமைப்புச் செய்திக்குப் பொருத்தமுடையது.

2. கதை

பாத்திரங்களின் பெயர்கள் வழக்குக்கு வழக்கு மாறுகின்றன. நிகழ்ச்சி நிரல் பெரிதும் மாறுவதில்லை. தொண்டைநாட்டில் பரவலாக வழங்கும் வடிவம் பின்வருமாறு:

காஞ்சிபுரத்து அந்தணன் ஒருவன் காசிக்குச் செல்கிறான். ஊரில் மனைவி இருப்பதை மறைத்து அங்கு ஒரு பெண்ணை மணக்கிறான். அவளோடும் அவள் தமையனோடும் திரும்பி வருகையில், திருவாலங்காட்டை நெருங்கியதும் முதல் மனைவிக்கு அஞ்சி, உடன்வந்தவளைக் கொன்றுவிடுகிறான். தங்கை இறந்து கிடப்பதைக் கண்ட தமையன் தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறான். அந்தணன் மறுபிறவியில் வணிகனாகப் பிறக்கிறான். கொலையுண்டவள் நீலி என்னும் பேயாகிறாள்.

பேயால் இறுதி நேரும் என முன்னரே அறிந்த வணிகன், காப்பாக ஒரு வாளைக் கையில் கொண்டு வழிச்செல்கிறான். நீலி, கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, மனைவி வடிவில் அவனைத் தொடர்கிறாள். அவன் பழையனூர் வேளாளர் எழுபதின்மர் கூடிய அவையில் அடைக்கலம் புகுகிறான். அவள் தன்னைக் கைவிட்ட கணவன் இவன் என முறையிடுகிறாள். அவன் மறுக்கிறான். இறக்கிவிடப்பட்ட குழந்தை அவனை அப்பா என அழைத்து அவனிடம் செல்கிறது. அவையோர் இருவரையும் ஒரு வீட்டில் இரவு தங்குமாறு தீர்ப்பளிக்கின்றனர். அவனுக்கு ஊறு நேரின் எழுபதின்மரும் உயிர்விடுவதாகச் சொல்லளிக்கின்றனர். வாளை அகற்றிவிடுகின்றனர். விடியற்காலையில் வணிகன் பிணமாகக் கிடக்கிறான். வேளாளர் தீ வளர்த்து அதனுட் புகுகின்றனர்.

அவர்கள் தீப்பாய்ந்ததாகக் கூறப்படும் இடம் இன்றும் அங்குக் காட்டப்படுகிறது. அருகிலுள்ள கோயிலின் இறைவன் பெயர் சாட்சி பூதேசுவரர். கதையின் மையச்சொல் 'பேய்' அன்று, 'சாட்சி' என்பதை ஊரின் வழக்கே உணர்த்துகிறது.

3. நூல்களில் நீலி

இக்கதை நூல்களில் பயிலும் முறை நோக்கற்பாலது. திருஞானசம்பந்தர் (கி.பி. 7ஆம் நூற்றாண்டு) முதல் திருமுறையின் பழையனூர் ஆலங்காட்டுப் பதிகத் தொடக்கத்தில், வஞ்சனையால் ஓர் உயிரைக் கொண்ட பெண் ஒருத்தியையும் அச்செய்தி விளைத்த அச்சத்தையும் குறிப்பிடுகிறார். பெயர் இல்லை, 'ஒருத்தி' என்பதோடு அமைகிறார். கேட்போர் கதையை முன்னரே அறிந்திருந்தனர் என்பது இதனாற் புலனாகும்.

சேக்கிழார் (12ஆம் நூற்றாண்டு) திருக்குறிப்புத்தொண்டர் புராணத்தில் தொண்டைநாட்டின் பெருமை கூறுங்கால் பழையனூராரை நினைவுகூர்கிறார். தம் உயிரையும் வணிகனுக்குக் கொடுத்த சொல்லையும் எடையிட்டுச் சொல்லையே காத்தனர் என்பது அவர் கூறும் செய்தி. அங்கு நீலிக்கு இடமே இல்லை. அவர் பாட்டில் பேய் மறைந்து, சொல் மட்டும் நிற்கிறது. உமாபதி சிவாசாரியார் இயற்றியதாகக் கருதப்படும் சேக்கிழார் புராணமும் இந்நிகழ்ச்சியை வேளாளர் பெருமைக்குச் சான்றாகவே கொள்கிறது.

சமணக் காப்பியமாகிய நீலகேசி முற்றிலும் வேறு வழியிற் செல்கிறது. அதில் பழையனூர் நீலி, முனிச்சந்திரர் என்னும் சமண முனிவரின் தவத்தைக் குலைக்க வருகிறாள். அச்சுறுத்தியும் அழகு காட்டியும் தோற்று, அவர்க்கு மாணவியாகிறாள். பின்னர்ப் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர் முதலியோரோடு சொற்போர் நிகழ்த்துகிறாள். இறுதிச் சருக்கமான பூதவாதம், உடலின் வேறாக உயிர் இல்லை என்பாரை மறுக்கிறது. இறந்தும் அழியாத ஒருத்தியின் வாயில் இவ்வாதத்தை வைத்தமை ஆசிரியரின் நுட்பத்தைக் காட்டும். அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் உரையுடன் பதிப்பித்த இந்நூல் நீலியை வாதியாக்குகிறது. வாதத்தால் வெல்லும் நீலி, அவையில் முறையிட்டு வென்ற நீலியின் மறுவடிவமே. இரு வடிவங்களிலும் அவள் கருவி நாவாகும்.

4. கல்லறையும் மறுபிறவியும்

கோதிக் புதினத்தில் இறந்தவரின் மீட்சி இடத்தோடும் உடலோடும் பிணைந்தது. 'உதரிங் ஹைட்ஸ்' புதினத்தில் கேத்தரினின் ஆவி தன் பழைய அறையின் சாளரத்தைத் தட்டுகிறது. ஹீத்கிளிஃப் அவளுடைய சவப்பெட்டியைத் திறந்து முகத்தைப் பார்க்கிறான். 'டிராகுலா'வில் லூசியின் கதை அவளுடைய கல்லறைக்குள் முடிக்கப்படுகிறது. புதைக்கப்பட்ட உடல் உள்ளவரை கதை உண்டு.

நீலிக்குப் புதைகுழி இல்லை. ஆலங்காடு ஈமக்காடாகப் போற்றப்படும் தலம், இறைவன் ஆடுமிடம். அங்கு உடல் எஞ்சுவதில்லை, வினையே எஞ்சுகிறது. எனவே இவ்வகைக் கதைகளைச் சுட்டத் தமிழில் வழங்கிவரும் 'கல்லறைக்கு அப்பால்' என்னும் தொடர் நீலிக்குப் பொருந்தாது. 'பிறவி கடந்த பகை' என்பதே கதையின் உலகியலுக்கு ஏற்றது. 1963இல் ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சம் மறப்பதில்லை' என்னும் திரைப்படமும் காதலையும் பகையையும் மறுபிறவியின் வழியாகவே தொடரச் செய்தமை, இம்முறை தமிழ்ச் சூழலில் எவ்வளவு இயல்பானது என்பதைக் காட்டும்.

இவ்வேறுபாட்டால் ஒரு முதன்மையான விளைவு உண்டு. கல்லறையிலிருந்து எழுபவரை அவர் முகத்தால் அடையாளம் காணலாம். பிறவி மாறியவனை எதனால் அடையாளம் காண்பது? வணிகனுக்குத் தன் பழைய கொலை நினைவில் இல்லை. நீலிக்கு மட்டுமே நினைவு உண்டு. ஒருவரின் நினைவு மட்டுமே சான்றாக நிற்கும் வழக்கில் அவை எதனைக் கொண்டு தீர்ப்பளிக்கும்? சொல்லைக் கொண்டுதான்.

5. 'இவர் என் கணவர்': ஒரு பெயர்ப்பயனிலைத் தொடர்

நூல்களிலும் வாய்மொழியிலும் நீலியின் முறையீடு பலவாறு விரித்துரைக்கப்படினும் அதன் உட்கிடை ஒரே தொடரில் அடங்கும்: இவர் என் கணவர். வணிகனின் மறுப்பும் அவ்வாறே: இவள் என் மனைவி அல்லள்.

முதல் தொடரில் வினை இல்லை. பெயரே பயனிலையாக நிற்கிறது. ஆதலின் காலங்காட்டும் உறுப்பும் இல்லை. இரண்டாவது தொடரின் 'அல்லள்' எதிர்மறைக் குறிப்புவினை. அது பாலும் இடமும் காட்டுமேயன்றிக் காலத்தை உருபால் காட்டாது. இப்பிறவியை நோக்க வணிகன் கூற்று மெய். முற்பிறவியை நோக்க நீலி கூற்று மெய். இரண்டு மெய்களும் ஒரே அவையில் மோதுகின்றன. இலக்கண நோக்கில் அவற்றுள் ஒன்றையேனும் பொய் எனத் தள்ள வழியில்லை. 'இவர்' என்னும் சுட்டு உடலைக் குறிக்கிறதா, உடல்தோறும் புகும் உயிரைக் குறிக்கிறதா என்பதை அவையோர் வினவவில்லை. வினவாமையே அவர்கள் செய்த பிழை.

ஆங்கிலத்தில் இத்தொடரைப் பெயர்ப்பவர் 'இஸ்' என்றோ 'வாஸ்' என்றோ ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். நிகழ்கால வினையைப் பெய்தால் நீலி பொய்யள் ஆகிறாள். இறந்தகால வினையைப் பெய்தால் மறைபொருள் அவையிலேயே வெளிப்பட்டுக் கதை குலைகிறது. தமிழ்த் தொடர் இவ்விரண்டுக்கும் இடையில், காலம் சுட்டாமல் நிற்கிறது. அந்த இடைநிலையிலேதான் கதையின் அச்சம் குடிகொண்டுள்ளது.

இச்சிக்கல் எல்லா மொழிபெயர்ப்புக்கும் பொதுவன்று. தெலுங்கில் 'ஈயன நா பர்த்த' என வினையின்றியே கூறலாம். அம்மொழியின் 'காது' என்னும் எதிர்மறைச் சொல்லும் காலம் காட்டுவதில்லை. எனவே திருத்தணியிலோ புத்தூரிலோ இருமொழியாளர் ஒருவர் இக்கதையைத் தமிழிலிருந்து தெலுங்குக்கு மாற்றிச் சொல்லுங்கால் நீலியின் சொல் பழுதின்றிக் கடந்துவிடுகிறது. மலையாளத்திலோ இத்தகைய தொடர் பெரும்பாலும் 'ஆணு' என முடியும். இறந்தகாலத்துக்கு 'ஆயிருந்நு' என வேறு வடிவம் உண்டு. இனமொழிகளுக்குள்ளேயே இவ்வேறுபாடு நிலவுதல் மொழியியலார் கருத்திற் கொள்ளத்தக்கது.

ஆங்கிலப் பெயர்ப்பாளர்க்கு வழியே இல்லை எனல் ஆகாது. முறையீடு விளியாகவும் அமையலாம். கணவரைக் குறிக்கும் பெயரையும் சுட்டையும் அடுத்தடுத்து வைத்து, வினையைத் தவிர்த்து, அவலக் குரலாக அதனை அமைத்தல் ஒரு வழி. நடை சற்றே முறிந்ததுபோல் தோன்றினும், அழுது நிற்பவளின் பேச்சு முறிந்திருத்தல் இயல்பேயாகும்.

6. குழந்தையின் விளியும் அவையின் பிணையும்

ஜே. எல். ஆஸ்டினின் சொற்பொழிவுகள் 1962இல் நூலாக வந்தபின், கூறுதலே செயலாதல் என்னும் கருத்து மொழியியலில் நிலைபெற்றது. நீலி கதையில் அத்தகைய கூற்றுகள் மூன்று உள்ளன. முதலாவது நீலியின் முறையீடு. இரண்டாவது குழந்தையின் விளி. மூன்றாவது வேளாளரின் பிணை.

குழந்தை எச்செய்தியையும் கூறவில்லை. 'அப்பா' என அழைக்கிறது. விளியை மெய் என்றோ பொய் என்றோ சொல்ல இயலாது. ஆயினும் அவை அதனையே வலிய சான்றாக ஏற்கிறது. உறவுமுறைப் பெயரால் ஒருவரை விளித்தல் அவ்வுறவை நிறுவுதலுக்கு ஒப்பாகும் சமுதாயத்தில் இது வியப்பன்று. இவ்விளியை ஆங்கிலத்தில் செய்தித்தொடராக விரித்துப் பெயர்ப்பின் அதன் ஆற்றல் அழிந்துவிடும்.

இவ்விடத்து ஒரு தடை எழலாம். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கியது வெளிப்படையான வஞ்சனை அன்றோ? தென்பாண்டி, நாஞ்சில்நாட்டு வழக்குகள் இதற்கு ஒரு விடை தருகின்றன. அங்குக் கொலையுண்பவள் தாசி. பொருள் இழந்து வெளியேறிய அந்தணனைக் காதலால் பின்தொடர்ந்து வந்தவள். யாருமற்ற காட்டில் உயிர்விடுங்கால் அவள் அருகிருந்த கள்ளியைச் சாட்சியாக்குகிறாள். மறுபிறவியில் அக்கள்ளியே குழந்தையாகிப் பேசுகிறது. அங்ஙனமாயின் அவையில் வாய்திறந்தது புனைந்த பிள்ளை அன்று. கொலையைக் கண்ட ஒரே சாட்சி. தொண்டைநாட்டு வடிவில் இவ்விளக்கம் இல்லை. அங்கு வஞ்சனை வஞ்சனையாகவே நிற்கிறது. இரு வடிவங்களையும் ஒன்றாகக் கலந்து பெயர்ப்போர் இவ்வேறுபாட்டை அழித்துவிடலாகாது.

மூன்றாவது கூற்றான பிணையே கதையை முடிக்கிறது. ஏமாற்றப்பட்டுக் கொடுத்த சொல் கட்டுப்படுத்துமா என்னும் வினாவை வேளாளர் எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால் உயிர் பிழைத்திருப்பர். ஒப்பிட்டு நோக்கின், 'டிராகுலா' புதினமும் சாட்சியம் பற்றிய கவலையோடு முடிகிறது. நாட்குறிப்புகளும் மடல்களுமாக அமைந்த அந்நூலின் இறுதியில், தம்மிடம் எஞ்சியவை தட்டச்சுப் படிகளே, மூல ஆவணங்கள் அரிது என ஒரு பாத்திரம் வருந்துகிறது. அங்கு ஐயம் எழுத்தைப் பற்றியது. இங்குச் சுமை வாய்ச்சொல்லைப் பற்றியது. ஏட்டில் எழுதாத ஒரு சொல்லுக்காக எழுபதின்மர் தீயிற் புகுந்தனர்.

7. 'பேய்' என்னும் சொல்

ஆலங்காட்டுக்கு உரிய பேய்ப்பெண் நீலி ஒருத்தி மட்டும் அல்லள். காரைக்காலம்மையார் பேயுருவை வேண்டிப் பெற்று, தம்மைக் காரைக்காற்பேய் எனக் கூறிக்கொண்டவர், இத்தலத்தைப் பாடியவர். பெரியபுராணத்தின்படி, வணிகனான அவர் கணவன் மனைவியின் தெய்வத்தன்மைக்கு அஞ்சி நீங்கி வேறு மணம் செய்துகொண்டான். பின்னர் அவரைக் கண்டபோது மனைவி மகளோடு அவர் அடியில் வீழ்ந்தான். அதன்பின் அவர் தசைப்பொதியைக் கழித்தார்.

ஒரே தலத்தில் இரு பெண்கள். இருவரும் கணவரால் நீங்கப்பெற்றவர்கள். இருவரும் பேயானவர்கள். ஒருத்தியை வணிகன் வணங்கினான். மற்றொருத்தியைக் கண்டு ஓடினான். ஒருத்தி அன்பால் பேயானாள். மற்றொருத்தி கொலையால் பேயானாள். ஆகவே 'பேய்' என்னும் சொல்லுக்கு இறந்தவரின் ஆவி, தீய சக்தி, இறைவனின் கணம் ஆகிய பொருள்கள் ஒருங்கே உள. ஆங்கிலப் பேய்க்கதைச் சொல் ஒன்றை அதற்கு ஈடாக வைத்தால் அம்மையாரும் நீலியும் தொடர்பற்றவராகிவிடுவர். இச்சொல்லை ஒலிபெயர்த்து, முதன்முறை வருமிடத்தில் விளக்கம் தருதலே தக்கது. இரத்தக் காட்டேரி என்பதற்குரிய பிறமொழிச் சொல் எவ்வாற்றானும் பொருந்தாது. நீலி எல்லோர் உயிரையும் நாடுபவள் அல்லள். அவளுக்குப் பகை ஒருவனே.

8. நீலிக் கண்ணீர்

பொய்யழுகையைக் குறிக்க இக்காலத் தமிழில் 'முதலைக் கண்ணீர்', 'நீலிக் கண்ணீர்' என இரு தொடர்கள் வழங்குகின்றன. இரண்டையும் ஒருபொருட் கிளவியாகப் பெயர்ப்பாளர் கொள்வர். முதலை இரையின்பொருட்டு வருந்துவதில்லை; அக்கண்ணீருக்குப் பின்னே துயரம் எதுவும் இல்லை. நீலியின் நிலை அத்தகையதன்று. காசியிலிருந்து கணவனை நம்பி வந்து, முன்பின் அறியாத காட்டில் அவன் கையாலேயே மாண்டவள் அவள். அவையில் அவள் சிந்திய கண்ணீரின் நோக்கம் வஞ்சனை, காரணம் மெய்.

மொழி அக்காரணத்தை மறந்து நோக்கத்தை மட்டும் நினைவில் வைத்தது. 'நீலி' என்பது கொற்றவைக்குரிய பெயர்களுள் ஒன்று. பொதுவழக்கில் அதுவே வஞ்சகியைக் குறிக்கும் வசைச்சொல்லும் ஆயிற்று. முதற்கொலையைச் செய்தவனுடைய பெயரோ வழக்குக்கு வழக்கு மாறிப்போயிற்று. அவனை வைத்து வசைச்சொல் எதுவும் பிறக்கவில்லை. பழையனூர் அவை ஓரிரவில் அளித்த தீர்ப்பு நீலிக்குச் சார்பாக இருந்தது. தமிழ்ச் சொற்களஞ்சியம் பல நூற்றாண்டுகளில் அளித்த தீர்ப்பு அவளுக்கு எதிராக நிற்கிறது. அழுது முறையிடும் பெண்ணை நோக்கி இத்தொடரை இன்றும் எளிதில் வீசமுடிகிறது என்பதனால் இது வெறும் சொற்பொருள் வரலாறாக ஒழிவதில்லை.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன: நீலி கதை, பொருளால் கோதிக் புதினத்தோடு உறவுடையதாயினும் அமைப்பால் வேறுபடுகிறது. அங்கு மீட்சிக்கு இடம் கல்லறை, இங்கு மறுபிறவி. அங்கு அச்சத்தின் ஊற்று உடல். இங்குக் காலங்காட்டாத ஒரு தொடர். பெயர்ப்பாளர் காக்கவேண்டியவை நான்கு: வினையற்ற முறையீடு, விளியாகவே நிற்கும் குழந்தையின் சொல், பிணை என்னும் கருத்து, 'பேய்' என்பதன் பொருட்பரப்பு. தொண்டைநாட்டு வடிவையும் தென்னாட்டு வடிவையும் தனித்தனியே பெயர்த்தல் வேண்டும்.

நீலி சொன்னது பொய் எனப் பெயர்ப்பாளர் முடிவு செய்துவிட்டால் எஞ்சுவது பேய்க்கதை மட்டுமே. அம்முடிவை ஒத்திவைத்துத் தமிழ்த் தொடரின் காலமின்மையைக் காத்துத் தருவாராயின், எழுபதின்மர் முன் நின்ற அதே வழக்கு வேற்றுமொழி வாசகர் முன்னும் வந்து நிற்கும்.